பழைய சுரூபமும் புதிய ஓவியமும் ஒரே கூடத்தில்: கிறிஸ்தவக் கலைப் படைப்புகளை இணைத்துக் கண்காட்சி அமைக்கத் தொடங்குவோருக்கு

பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கிறிஸ்தவக் கலைப்பொருளையும் இக்காலக் கலைஞரின் படைப்பையும் அருகருகே வைத்துக் காட்டும் கண்காட்சிகள் கடந்த சில பத்தாண்டுகளில் பல நாடுகளிலும் நடந்துவருகின்றன. அவற்றுள் சில பார்வையாளரை நெடுநேரம் ஓரிடத்தில் நிறுத்திவைக்கின்றன. வேறு சிலவோ, மரியா என்ற தலைப்பின் கீழ்ப் பழைய மரியாக்களையும் புதிய மரியாக்களையும் வரிசையாக அடுக்கியதோடு நின்றுவிடுகின்றன. சிறிய அருங்காட்சியகத்திலோ, மறைமாவட்டக் காப்பகத்திலோ, கல்லூரிக் கலைக்கூடத்திலோ இப்படியொரு கண்காட்சியை முதன்முறையாகப் பொறுப்பேற்று நடத்தப்போகிறவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. இரண்டு படைப்புகள் ஒரே காட்சியைச் சித்திரிக்கின்றன என்பது மட்டும் அவற்றை இணைப்பதற்குப் போதிய காரணமாகாது என்பதே இதன் அடிப்படைக் கருத்து. பழைய பொருள் தன் காலத்தில், தன் இடத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பிறகு, அந்த வேலையை இன்று தொடர்கிற, அல்லது மறுத்து வாதிடுகிற, அல்லது இழந்து தவிக்கிற புதிய படைப்பைத் தேட வேண்டும்.

முதற்படி: பழைய பொருளின் வாழ்க்கையை விசாரித்தல்

எப்போதும் பழைய பொருளிலிருந்தே தொடங்குங்கள். புதிய படைப்பை முதலில் தேர்ந்துகொண்டு அதற்குப் பொருத்தமான பழைய துணையைத் தேடினால், அந்தப் பழைய பொருள் வெறும் பின்னணியாகிவிடும் வாய்ப்பு மிகுதி. புதிய கலைஞரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆட்கள் இருப்பார்கள், பேட்டிகள் இருக்கும். பெயர் தெரியாத சிற்பியின் மரச்சுரூபத்துக்காகப் பேச உங்களைத் தவிர யாரும் இல்லை.

பொருளைப் பார்த்துச் சில எளிய கேள்விகளைக் கேளுங்கள். இது கோயிலில் இருந்ததா, மடத்தில் இருந்ததா, வீட்டில் இருந்ததா? எவ்வளவு உயரத்தில் நின்றது? எந்த வெளிச்சத்தில் பார்க்கப்பட்டது? யார் தொட்டார்கள், எங்கே முத்தமிட்டார்கள்? ஆண்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்ததா, குறிப்பிட்ட நாள்களில் மட்டுமா? இக்கேள்விகளுக்குப் பாதி விடை பொருளின் மீதே எழுதப்பட்டிருக்கும். பாதத்தில் வண்ணம் தேய்ந்திருந்தால் பக்தர்களின் கைகளும் உதடுகளும் அங்கே பட்டிருக்கலாம். முதுகுப்புறம் செதுக்கப்படாமல் தட்டையாக இருந்தால் அது சுவரையோ பீடத்தின் மாடத்தையோ ஒட்டி நின்றிருக்க வேண்டும்.

கோவாவில் பதினேழாம் நூற்றாண்டில் தந்தத்தில் செதுக்கப்பட்ட ‘நல்ல மேய்ப்பன்’ சிற்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு சாண் முதல் ஒரு முழம் வரையிலான உயரத்துக்குள் அடுக்கடுக்கான மலையொன்று எழுகிறது. அடியில் ஒரு குகைக்குள் மகதலா மரியா சாய்ந்து படுத்துப் புத்தகம் வாசிக்கிறார். அதற்கு மேலே ஊற்று. அதில் பறவைகள் நீர் அருந்துகின்றன. படிகளில் ஆடுகள் மேய்கின்றன. உச்சியில், ஆட்டுத்தோல் ஆடை அணிந்த குழந்தை இயேசு, தோளில் ஓர் ஆட்டுக்குட்டியும் மடியில் ஓர் ஆட்டுக்குட்டியுமாகக் கன்னத்தைக் கையில் தாங்கி, கண்களை மூடி அமர்ந்திருக்கிறார். தியானத்தில் அமர்ந்த புத்தரை இந்த இருப்பு நினைவூட்டுகிறது என்று ஆய்வாளர் பலர் குறிப்பிட்டுள்ளனர். இவற்றுள் பல கடல் கடந்து போர்த்துகலுக்குச் சென்றன. இச்சிற்பம் பெருங்கூட்டம் தொலைவில் நின்று வணங்குவதற்கானதன்று. ஒருவரோ இருவரோ முகத்தை அருகில் கொண்டுவந்து, அடியிலிருந்து உச்சி வரை கண்ணால் ஏறிச் செபிப்பதற்கானது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, பத்தடி அகலத் திரையில் ஓடும் காணொளியை இதன் பக்கத்தில் நிறுத்தலாம் என்ற எண்ணம் தானாகவே விலகிவிடும்.

நாள்காட்டியையும் மறந்துவிடக் கூடாது. பிரான்சின் கொல்மார் நகரில் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள இசென்ஹைம் பீடம், ஜெர்மானிய ஓவியர் மத்தியாஸ் குரூனெவால்ட் ஏறக்குறைய 1512-க்கும் 1516-க்கும் இடையே வரைந்தது. அது மடக்குக் கதவுகள் கொண்ட பீடம். சாதாரண நாள்களில் மூடியிருக்கும்போது சிலுவைக் காட்சியே முதன்மையாகத் தெரியும், பெருவிழாக்களில் உள்ளே உள்ளவை திறக்கப்படும். ‘புனித அந்தோணியாரின் நெருப்பு’ என்று அழைக்கப்பட்ட, உடலை அழுகச்செய்யும் நோய்க்கு ஆளானவர்களைப் பேணிய மடத்துக்காக அது செய்யப்பட்டது. சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் தோல் முழுவதும் புண்ணாக இருப்பதை அந்த நோயாளிகள் கண்டார்கள். இன்று பலகைகள் தனித்தனியே பிரித்து நிறுத்தப்பட்டுள்ளதால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்க்க முடிகிறது. ஆனால் காத்திருந்து காண்பது என்ற அனுபவம் அங்கே இல்லை. உங்களிடம் மடக்குப் பீடமோ, தவக்காலத்தில் துணியால் மூடப்பட்டுவந்த சுரூபமோ இருந்தால், மூடிய நிலையையும் காட்சியின் ஒரு பகுதியாக்க முடியுமா என்று யோசியுங்கள். சிறிய மாதிரி ஒன்றைச் செய்து, பார்வையாளரே திறந்து மூடிப் பார்க்கும்படி வைத்தாலும் போதும்.

இரண்டாம் படி: துணையைத் தேடுதல்

இதுவே இப்பணியின் உயிர்நிலை. ஆகவே மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

நன்கு அமைந்த இணைக்கு எடுத்துக்காட்டாக 2017-ல் ஃபிளாரன்ஸ் நகரின் பலாட்சோ ஸ்ட்ரோட்சி மாளிகையில் நடந்த, அமெரிக்கக் காணொளிக் கலைஞர் பில் வயோலாவின் கண்காட்சியைச் சொல்வேன். வயோலா 1970-களின் நடுப்பகுதியில் அந்நகரில் காணொளிக் கலைக்கூடமொன்றில் பணியாற்றியவர்; அங்குள்ள கோயில் ஓவியங்களோடு பழகியவர். கர்மிஞானோ ஊரின் பங்குக் கோயிலுக்குச் சொந்தமான, பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பொன்டோர்மோவின் ‘மரியா எலிசபெத்தைச் சந்தித்தல்’ ஓவியம், அதிலிருந்து பிறந்த வயோலாவின் 1995-ஆம் ஆண்டுக் காணொளியான ‘வாழ்த்து’டன் சேர்த்து அங்கே காட்டப்பட்டது. பொன்டோர்மோவின் ஓவியத்தில் கருவுற்ற இரு பெண்களும் தழுவிக்கொண்டிருக்க, பின்னால் நிற்கும் வேறு இரு பெண்கள் நேராக நம்மையே பார்க்கிறார்கள். வயோலாவின் காணொளியில் இரு பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாமவள் வந்து ஒருத்தியைத் தழுவி அவள் காதில் ஏதோ சொல்கிறாள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்நிகழ்ச்சி பத்து நிமிடமாக நீட்டப்பட்டுள்ளது. ஓவியம் ஒரு கணத்தை நிறுத்திவைக்கிறது. காணொளி அதே கணத்தை மெல்ல அவிழ்க்கிறது. காணொளியைப் பார்த்துவிட்டு ஓவியத்துக்குத் திரும்புகிறவர், அந்த ஆடைகளின் மடிப்புகளில் நடந்து வந்த வேகத்தைக் காண்பார். இணையின் பயன் இதுதான்: ஒன்றைப் பார்த்த கண் மற்றொன்றில் முன்பு காணாததைக் காண வேண்டும், அதுவும் இரு திசைகளிலும் நடக்க வேண்டும். பழையது புதியதை விளக்கப் பயன்பட்டு, புதியது பழையதற்கு எதையும் தரவில்லையென்றால் அந்த இணையைக் கைவிடுங்கள்.

கலைஞரே பழைய படைப்பை நினைத்துச் செய்தவை எளிதில் கிடைக்கும் இணைகள். அப்படி நேரடித் தொடர்பு இல்லாத இடத்தில் இணை காண்பதே காட்சியமைப்பாளரின் சொந்த உழைப்பு. மூன்று வழிகளை முயன்று பாருங்கள்.

ஒன்று, உடல் செய்யும் செயல். ஐபீரிய (ஸ்பெயின், போர்த்துகல்) மரபில் கைகளை மடக்கக்கூடிய பாடுபட்ட சுரூபங்கள் உண்டு. அவை புனித வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கப்பட்டுக் கிடத்தப்படுவதற்காகச் செய்யப்பட்டவை. ஆசந்தியில் இயேசுவின் சுரூபத்தைக் கிடத்திப் பவனி கொண்டுசெல்லும் வழக்கம் உள்ள பங்கில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு அந்தக் கனம் தோளில் எப்படி இறங்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய சுரூபத்துக்கு மற்றொரு சிலுவைக் காட்சியைத் துணையாகத் தேடுவதே பலரின் முதல் எண்ணமாக இருக்கும். நான் வயோலாவின் 2002-ஆம் ஆண்டுப் படைப்பான ‘வெளிப்படுதல்’ என்பதைத் தேர்வேன். அதில் நீர் ததும்பும் கல்தொட்டியிலிருந்து வெளிறிய இளைஞன் ஒருவன் எழுகிறான். இரண்டு பெண்கள் அவனைத் தாங்கித் தரையில் கிடத்துகிறார்கள். இத்தாலிய ஓவியர் மசோலினோ 1424-ல் வரைந்த, கல்லறையில் நிற்கும் கிறிஸ்துவின் சுவரோவியத்துடன் ஃபிளாரன்ஸ் கண்காட்சி அதை இணைத்தது. அது தோற்றத்தின் வழி அமைந்த இணை, சிறந்த இணையும்கூட. மடங்கும் கைகள் கொண்ட சுரூபத்தோடு வைத்தாலோ, தாங்கும் கைகளின் மீது கவனம் திரும்பும். சுரூபத்தில் அந்தக் கைகள் இல்லை. அவை பவனியில் சென்ற மக்களுடையவை.

இரண்டு, பார்க்கும் தொலைவும் பயன்பாடும். மேலே சொன்ன தந்த மேய்ப்பனுக்குக் கோவாவில் பிறந்த ஆஞ்சலோ த ஃபொன்சேக்காவின் (1902–1967) நீர்வண்ண ஓவியமொன்று துணையாகலாம். சாந்திநிகேதனில் பயின்ற அவர், மரியாவைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாக வரைந்தார். அதற்குத் திருச்சபை வட்டாரத்திலேயே எதிர்ப்பும் எழுந்தது. இரண்டுமே அருகில் சென்று பார்க்க வேண்டியவை. இரண்டிலும் இறைமைக்கு யாருடைய முகம், யாருடைய அமர்வு என்ற கேள்வி இருக்கிறது. தந்தச் சிற்பத்தில் உள்ளூர்க் கைவினைஞனின் பழக்கத்திலிருந்து ஊறி வந்ததாகத் தோன்றுவது, ஃபொன்சேக்காவிடம் தெரிந்து எடுத்த முடிவாகிறது. இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கு இரண்டையும் சேர்த்து வைப்பதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்று, வாதம். ஓவியர் எஃப். என். சூசா 1924-ல் கோவாவின் சாலிகாவ் ஊரில் பிறந்து கத்தோலிக்கச் சூழலில் வளர்ந்தவர். 1947-ல் பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவர் 1959-ல் வரைந்த சிலுவை ஓவியம் லண்டனின் டேட் கலைக்கூடத்திடம் உள்ளது. முட்களே உடலானதுபோல் கறுத்துக் குத்திட்டு நிற்கும் அந்தக் கிறிஸ்துவிடம் ஆறுதல் இல்லை. இத்தகைய ஓவியத்தைக் கோவாவின் பழைய சிலுவைச் சுரூபத்தோடு சேர்த்து வைத்தால், பழக்கத்தால் நாம் அழகென்று மட்டும் காணும் சுரூபத்தின் விலாக் காயம் மீண்டும் காயமாகத் தெரியத் தொடங்கும். வாதிடும் படைப்பை அதிர்ச்சிக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கலைஞர் அந்த மரபை உள்ளிருந்து அறிந்து பேசுகிறாரா என்று பாருங்கள். சூசாவிடம் அது உண்டு.

இணைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள். முதல் முயற்சிக்கு ஐந்தாறு இணைகள் தாராளம். ஒவ்வோர் இணைக்கும் அதன் காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் ‘இரண்டிலும் மாதா இருக்கிறார்’ என்பதற்கு மேல் எதுவும் இல்லையென்றால் மேலும் தேடுங்கள்.

மூன்றாம் படி: அனுமதிகளும் சட்டமும்

இந்தியாவில் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் புதையல் சட்டத்தின் கீழ் வருகின்றன. கையெழுத்துப் பிரதிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டுகளே வரம்பு. அவற்றை வெளிநாட்டுக் கண்காட்சிக்குத் தற்காலிகமாக அனுப்புவதற்கும் இந்தியத் தொல்லியல் துறை வழியாக அனுமதி பெற வேண்டும். கிறிஸ்துவைப் பலமுறை வரைந்த வங்க ஓவியர் ஜாமினி ராயின் ஓவியங்கள் அதே சட்டத்தின்படி கலைப் புதையலாக அறிவிக்கப்பட்டவை. நூறாண்டு ஆகாவிட்டாலும் அவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. தந்தப் பொருள் நாட்டு எல்லையைக் கடப்பதானால் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) உடன்படிக்கையின்படி தனி அனுமதிகளும் தேவைப்படும். இவற்றுக்கு மாதங்கள் பிடிக்கும் என்பதால், திறப்பு விழா நாளைக் குறிப்பதற்கு முன்பே விண்ணப்பங்களைத் தொடங்குங்கள்.

கோயிலிலிருந்து இரவல் பெறுவது வேறு வகையான வேலை. வழிபாட்டில் இருக்கும் சுரூபம் பங்கு மக்களுடையது. பங்குத்தந்தையின் கையொப்பத்தோடு மறைமாவட்டத்தின் எழுத்துமூல ஒப்புதலையும் பெறுங்கள், பங்குப் பேரவையினரிடமும் நேரில் சென்று பேசுங்கள். அவ்வூர்த் திருவிழா எப்போது என்று முதலில் கேளுங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையிலும், தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயத்தில் ஆகஸ்டு 5-ஆம் நாளை ஒட்டியும் திருவிழா நடப்பதுபோல ஒவ்வோர் ஊருக்கும் அதற்குரிய நாள் உண்டு. கொடியேற்றத்துக்கு வெகுமுன்பே பொருள் திரும்பிச் சேரும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சுரூபம் இல்லாத இடம் வெறுமையாக இருக்கும் மாதங்களுக்கு அதன் நல்ல புகைப்படமொன்றை அங்கே வைக்க ஏற்பாடு செய்வது மரியாதையான செயல்.

நான்காம் படி: இடம், உயரம், வெளிச்சம்

ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரத்தில் அமைவது அருங்காட்சியக வழக்கம். பீடத்தின் உச்சியில் நின்று கீழ்நோக்கிப் பார்த்த சுரூபத்துக்கு இந்த வழக்கத்தைப் பின்பற்றினால், அதன் பார்வை பார்வையாளரின் மார்பிலேயே விழும். கீழிருந்து பார்ப்பதற்காக நீட்டிச் செதுக்கப்பட்ட முகமும் கோணலாகத் தெரியும். அதற்குரிய உயரத்திலேயே அதை வையுங்கள். புதிய ஓவியம் கண்மட்டத்திலும் பழைய சுரூபம் அதற்கு மேலேயும் இருப்பது பிழையன்று.

இணை என்றதும் இரண்டையும் ஒட்டி வைக்க வேண்டுமென்பதில்லை. ஒன்றன் முன் நின்று திரும்பினால் மற்றது தெரியும்படி எதிரெதிர்ச் சுவர்களில் வைக்கலாம். அல்லது ஒரு வாசலின் வழியே தொலைவில் தெரியும்படி வைக்கலாம். அருகருகே வைத்தால் கண் ஒப்பிட்டு ஒப்பிட்டு வேற்றுமை ஒற்றுமைகளை எண்ணத் தொடங்கிவிடும். எதிரெதிரே வைத்தால் ஒன்றை நினைவில் சுமந்துகொண்டு மற்றொன்றிடம் செல்ல வேண்டியிருக்கும். ஆழ்ந்த பார்வைக்குப் பின்னதே உகந்தது என்பது என் கருத்து.

வெளிச்சத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. நீர்வண்ணம், துணி, காகிதம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (பரப்பின் மீது விழும் ஒளியின் அலகு) அளவும், எண்ணெய் ஓவியம், வண்ணம் பூசிய மரம் ஆகியவற்றுக்கு 150 முதல் 200 லக்ஸ் வரையும் பொதுவாக ஏற்கப்பட்டவை. நீர்வண்ண ஓவியங்களைத் தொடர்ந்து மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் காட்சியில் வைக்காமலிருப்பது நல்லது. தந்தத்துக்கும் வண்ண மரத்துக்கும் வெளிச்சத்தை விட ஈரப்பதத்தின் ஏற்றத்தாழ்வு பெரிய பகை. கடலோரக் கோயிலின் ஈரக்காற்றில் இருநூறு ஆண்டுகள் நின்ற மரச்சுரூபத்தைக் குளிரூட்டிய வறண்ட கூடத்துக்குச் சட்டென்று கொண்டுவந்தால் மரம் சுருங்கும், வண்ணம் செதில்செதிலாக எழும். பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்து, ஒரு நாளாவது திறக்காமல் விட்டுவையுங்கள். இரவில் குளிர்சாதனத்தை நிறுத்திப் பகலில் ஓட்டும் வழக்கத்தைக் கண்காட்சி முடியும் வரை கைவிடுங்கள். சுரூபத்தின் பாதுகாப்புக்கு முன் மின்கட்டணம் பெரிதன்று.

காணொளிப் படைப்பு இருந்தால், திரையின் ஒளி பக்கத்திலுள்ள பொன்பூசிய பரப்பில் அலையடிக்கிறதா என்று பாருங்கள். ஒலியிருந்தால் அது எத்தனை கூடங்களைக் கடந்து கேட்கிறது என்றும் நடந்து பார்த்துச் சோதியுங்கள்.

ஐந்தாம் படி: விளக்கக் குறிப்புகள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் உயர்மறைமாவட்டத்துக்குச் சொந்தமான கொலும்பா அருங்காட்சியகம், போரில் இடிந்த கோயிலின் மேல் பீட்டர் சும்தோர் வடிவமைத்த கட்டடத்தில் 2007-ல் திறக்கப்பட்டது. இடைக்காலச் சிற்பங்களும் இன்றைய படைப்புகளும் ஒரே கூடத்தில் அங்கே நிற்கின்றன. சுவரில் குறிப்புப் பலகைகளே இல்லை, பார்வையாளருக்குச் சிறு கையேடு தரப்படுகிறது. படைப்புகளை முதலில் கண்ணால் சந்திக்கச் செய்யும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். என்றாலும், கிறிஸ்தவக் கதைகளை அறியாத பார்வையாளர் பெரும்பான்மையாக வரும் இடத்தில் அதை அப்படியே பின்பற்றுவது அவர்களை வாசலிலேயே நிறுத்திவைப்பதாகும். மகதலா மரியா யார், அவர் ஏன் குகையில் இருக்கிறார் என்று ஒருவர் அறிந்துகொள்ள உதவ வேண்டும்.

ஒவ்வொரு படைப்புக்கும் தனிக் குறிப்பு, இணைக்கு ஒரு சிறு குறிப்பு என்று எழுதுங்கள். இணைக் குறிப்பு அறுபது எழுபது சொற்களைத் தாண்ட வேண்டாம். ‘காலம் கடந்த உரையாடல்’ போன்ற தொடர்களைத் தவிர்த்து, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்: மேய்ப்பனின் கன்னத்தைத் தாங்கும் கையைப் பாருங்கள், எலிசபெத்தின் பின்னால் நிற்கும் பெண்ணின் கண்களைப் பாருங்கள். பழைய சிற்பியின் பெயர் தெரியாவிட்டால், அவர் எந்த ஊர்ப் பட்டறையைச் சேர்ந்தவராக இருக்கக்கூடும், எந்தப் பொருளில் எந்த உளியால் வேலை செய்தார் என்று எழுதி, புதிய கலைஞருக்குத் தரும் அதே இடத்தை அவருக்கும் தாருங்கள்.

ஆறாம் படி: வழிபடுவோரும் வாதிடுவோரும்

சுரூபம் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டாலும் சிலர் அதன் முன் சிலுவை அடையாளம் வரைவார்கள், கண்மூடி நிற்பார்கள், மலர் வைப்பார்கள். காவலர்கள் அவர்களைத் தடுக்காதிருக்க முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மெழுகுவர்த்தியும் மலரும் பொருளுக்குத் தீங்கு செய்யும் என்பதால் சற்றுத் தள்ளி மலர் வைக்க ஓரிடம் அமைக்கலாம். ஒருவர் செபித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு நேரெதிரே கடுமையாக வாதிடும் படைப்பை வைப்பதா என்பதையும் இங்கே யோசிக்க வேண்டும். படைப்பை நீக்கிவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் மட்டும் தெரியும் கோணத்தில் அதை நிறுத்தினால் இருவருக்கும் இடம் கிடைக்கும். திறப்புக்கு முன்பே பங்குத்தந்தை, கன்னியர், இளம் கலைஞர்கள், கிறிஸ்தவரல்லாத அயலார் எனச் சிலரை அழைத்துக் காட்டி அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பு எழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் அப்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

கடைசியாக, பொருள்களைக் கொண்டுவருவதற்கு முன் ஒத்திகை பாருங்கள். அதே அளவில் அட்டைகளை வெட்டி, புகைப்படங்களை ஒட்டி, உரிய உயரத்தில் சுவரில் நிறுத்தி, உயரமானவர், குழந்தை, சக்கர நாற்காலியில் வருபவர் என ஒவ்வொருவரின் கண்மட்டத்திலிருந்தும் பாருங்கள். இரவல் வந்த ஒவ்வொரு பொருளையும் பெட்டி திறந்த அன்றே எல்லாப் பக்கங்களிலும் படமெடுத்து, இருக்கும் விரிசல்களையும் வண்ண உதிர்வையும் ஒரு தாளில் எழுதி, பொருளை இரவல் தந்தவரிடம் கையொப்பம் பெறுங்கள். கண்காட்சி முடிந்து பெட்டியில் வைக்கும்போது அதே தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, சுரூபத்தைக் கோயிலில் இறக்கி வைக்கும்போது மூன்றாம் முறையும் ஒப்பிட்டு, பங்குத்தந்தையின் கையொப்பத்தோடு அந்தத் தாளைக் கோப்பில் சேருங்கள்.